மஞ்சள் கையுறையும் இரும்புக் காப்பும்

படப்பிடிப்பு அரங்கின் வாசலில் நின்ற காவலாளி, ரேடியோ என்கிற இளைஞனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூட்டத்துல நடிக்கிறவன்லாம் பின்வாசல்" என்றான்.

"யோவ், நான் துப்பறியறவன்யா."

"இந்தத் தலையை வெச்சுக்கிட்டா?"

ரேடியோவுக்குச் சுருக்கென்றது. தோளளவு நீண்டு, ரப்பர் பேண்டில் கட்டியிருந்த அந்த முடி சும்மா வளர்ந்ததல்ல. பாய்ச்சல் நாயகனின் முடியைப் பார்த்துப் பார்த்து, எண்ணெய் போட்டு, வீட்டில் திட்டு வாங்கி வளர்த்தது. தரையில் நிற்கிற மனிதர் ஒரே எம்பில் மாடிச் சுவரில் போய் நிற்பார். அதனால்தான் அவருக்கு அந்தப் பட்டம். மேலேயிருந்து விழுகிற காட்சிக்கு டூப் உண்டு, ஆனால் அந்தப் பாய்ச்சல் மட்டும் கயிறு இல்லாமல் நானே செய்வது என்று பேட்டிக்குப் பேட்டி சத்தியம் செய்கிறவர். அவரை இன்றைக்கு நேரில் பார்க்கப் போகிறோம் என்று காலையிலிருந்து ரேடியோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"பேசி முடிச்சாச்சா?" என்றது பின்னால் ஒரு குரல்.

ரேடியோவின் அண்ணி. ஊரில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். விபத்துக் காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்து, எவன் வாயைத் திறந்தாலும் பொய்தான் என்ற முடிவுக்கு வந்து, வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவள். கணவனின் தம்பியை உதவிக்கு வைத்துக்கொண்டதும் பாசத்தால் அல்ல. அவன் வீட்டில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்ததை அவளால் சகிக்க முடியவில்லை, அவ்வளவுதான். வாயை மூடாதவன் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

அண்ணி அடையாள அட்டையைக் காவலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தான்.

அவர்களுக்குப் பின்னால் ஒருத்தி வாய் திறக்காமல் வந்தாள். வழக்கைக் கொண்டுவந்தவள். சண்டைக் காட்சிகளில் கம்பிக் கயிறு கட்டும் கயிறு மாஸ்டரின் மனைவி. முந்தாநாள் மாடியிலிருந்து விழுந்த டூப் இவளுடைய உடன்பிறந்த தம்பி. கம்பிக் கயிறு தளர்ந்து, பாதி உயரத்திலிருந்து மரப்பெட்டிகள் மேல் விழுந்தவன் இன்னும் கண் திறக்கவில்லை. கயிற்றைத் தளர்த்தியது அவள் கணவன்தான் என்கிறது போலீஸ்.

காலையில் ஆபீசுக்கு வந்தபோது அவள் அழவில்லை. "வீடியோ காட்டினாங்க. நட்டைக் கழட்டற கை என் புருஷனோடதுதான். நானே ஆமான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"அப்புறம் எங்ககிட்ட எதுக்கு வந்தே? காப்பாத்தச் சொல்லியா?" என்று அண்ணி வெடுக்கென்று கேட்டாள்.

"காப்பாத்த வேண்டாம். அவர்தானான்னு தெரியணும். அவர்தான்னா, நானே அவர் மூஞ்சில..." அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நடந்ததைக் காட்டச் சொல்லி இன்னைக்கு அரங்குக்கே கூட்டிட்டு வந்திருக்காங்க, சாயங்காலம் ஜெயிலுக்குப் போக ஜீப்புல ஏத்திடுவாங்க. அதுக்குள்ள சொல்லுங்க. நான் யார் பக்கத்துல போய் உக்காரணும்னு எனக்குத் தெரியணும்."



அரங்குக்குள் ஒரு பாழடைந்த தொழிற்சாலை இருந்தது. கிட்டப் போனால் செங்கல் எல்லாம் ஒட்டுப்பலகையில் அடித்த வண்ணம். புகை இயந்திரம் ஒரு மூலையில் இருமிக்கொண்டிருந்தது. முற்றத்தின் நடுவே இயக்குநர் நின்றுகொண்டு கேமராக்காரரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். "ஆட்டுங்க! இன்னும் ஆட்டுங்க! குத்து விழறது தெரிஞ்சா அது சண்டையா? கலவரமா இருக்கணும்!"

"இவர் படத்துல யார் யாரை அடிக்கிறான்னு எனக்கு இதுவரைக்கும் தெரிஞ்சதில்ல அண்ணி" என்று ரேடியோ கிசுகிசுத்தான். "கடைசியில நிக்கறவர் நாயகன்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

இயக்குநர் திரும்பினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யாரு இவங்க? போலீஸ் வந்துச்சு, பார்த்துச்சு, ஆளைப் பிடிச்சுச்சு. இன்னும் என்ன? எனக்கு வெளிச்சம் போயிட்டிருக்கு."

"அந்தப் படத்தைப் பார்க்கணும்" என்றாள் அண்ணி.

"உங்களுக்கு என்ன புரியும்? இது சினிமாம்மா. இங்க நடக்கறது வேற, திரையில தெரியறது வேற."

"அதைத்தான் பார்க்க வந்தேன்."

பக்கத்தில் நாற்காலியில் கால் மேல் கால் போட்டிருந்த சண்டை மாஸ்டர் சிரித்தார். மலை மாதிரி உடம்பு. வலது மணிக்கட்டில் விரல் தடிமனுக்கு ஓர் இரும்புக் காப்பு. பாய்ச்சல் நாயகனின் எல்லாப் படத்துக்கும் சண்டை இவர்தான். "காட்டுங்க சார். அக்காவே அடையாளம் சொன்ன கை. இவங்க பார்த்து என்ன மாறிடப் போவுது?"

அக்கா என்று அவர் சொன்ன விதத்தில் கயிறு மாஸ்டரின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சுவரோரம் நின்ற இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு வழக்கு முடிந்து போயிருந்தது, இவர்கள் வந்து அதைக் கிளறுவது பிடிக்கவில்லை.

எடுத்த படத்தை மானிட்டர் திரையில் ஓட்டிக் காட்டுகிறவர் ஒரு நரைத்த மனிதர், எல்லாரும் அவரையே மானிட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் தயங்கி இயக்குநரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பட்டனைத் தட்டினார்.

திரையில் பாய்ச்சல் நாயகன் முற்றத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டென்று எழும்பினார். கறுப்புக் கோட்டு படபடக்க, ஒரே எம்பில் மாடிச் சுவரின் விளிம்பில் போய் நின்றார். ரேடியோவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"முடியைப் பாருங்க அண்ணி! சும்மா ஜிவ்வுனு நட்டுக்கிட்டு நிக்குது. ஆள் போறதுக்கு முன்னாடியே முடி மாடிக்குப் போய் இடம் பிடிச்சுடுச்சு!"

"வாயை மூடு" என்றாள் அண்ணி. ஆனால் அவள் கண் ஒரு கணம் ரேடியோவின் தலைமேல் நின்றுவிட்டுத் திரைக்குப் போனது.

நாயகன் சுவர்மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"எதுக்கு இவ்வளவு நேரம் மேலேயே நிக்கறார்?"

"அது கம்பீரம்" என்றார் இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு. "அதெல்லாம் பாக்க வேண்டாம். ஓரத்தைப் பாருங்க."

மானிட்டரில் சட்டம் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே, தியேட்டரில் வெட்டுப்பட்டுப் போகிற ஓரத்தில், ஓர் உடைந்த ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் ஓர் இரும்புத் தூண். அடுத்த காட்சியில் டூப் குதிப்பதற்கான கம்பிக் கயிறு அந்தத் தூணில்தான் ஒரு பெரிய நட்டால் பூட்டியிருந்தது. ஆள் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. முதலில் இரும்புக் காப்புப் போட்ட கை ஸ்பானரோடு வந்தது. நட்டை முறுக்கியது, போனது. கொஞ்சம் பொறுத்து மஞ்சள் கையுறை போட்ட கை வந்தது. அதே நட்டை எதிர்ப்பக்கம் சுற்றித் தளர்த்தியது. போனது. அதோடு படம் நின்றது.

"காப்பு என்னோடது" என்றார் சண்டை மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "டூப் உயிராச்சேன்னு நான் போய் ஒரு முறுக்கு முறுக்கிட்டு வந்தேன். எனக்கு அப்புறம் வந்தது யாரு? மஞ்சக் கையுறை. இங்க மஞ்சக் கையுறை ஒரே ஒருத்தன்தான் போடுவான். முந்தின நாள் மச்சானும் மாமனும் எல்லார் முன்னாடியும் அடிச்சுக்கிட்டாங்க. இதுக்கு மேல என்ன துப்பு வேணும்?"

"சத்தம் ஏன் வரலை?" என்றாள் அண்ணி.

"சண்டைக்குச் சத்தம் அப்புறம்தான் சேர்ப்போம்" என்றார் இயக்குநர்.

"ஆரம்பத்துல கிளாப் பலகை தட்டுவீங்களே, அது எங்க?"

மானிட்டர் மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"வெட்டியாச்சு" என்றார் இயக்குநர் கடைசியில். "போதுமா?"

"போதாது. கயிறு மாஸ்டர் இதைப் பார்த்தாரா?"

இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு வாயைத் திறந்தார். "குத்தவாளிக்குப் படம் போட்டுக் காட்டறது எங்க வேலை இல்லம்மா. சண்டை மாஸ்டரும் வேண்டாம்னார். இவனைப் பார்த்தா ஆளுங்க அடிச்சே கொன்னுடுவாங்கன்னார். அதனால உள்ள வெச்சிருக்கோம்."

உள்ளே என்றது சாமான் அறை. ரப்பர் கத்திகளுக்கும் பொம்மைத் துப்பாக்கிகளுக்கும் நடுவே கயிறு மாஸ்டர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் கையுறை மடியில் கிடந்தது. மனைவியைக் கண்டதும் எழுந்தார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"மச்சானை ஏன் அடிச்சீங்க?" என்று அண்ணி நேரே கேட்டாள்.

"அடுத்த படத்துல இருந்து சண்டை மாஸ்டர் வேலை உனக்குத்தான்னு நாயகன் அவன்கிட்ட சொல்லியிருக்கார். இவன் அதை ஊர் பூரா தம்பட்டம் அடிச்சுட்டான். வேலை கைக்கு வர்றதுக்குள்ள ஏண்டா பழைய ஆளோட பகையைச் சம்பாதிக்கறேன்னு ஒண்ணு வெச்சேன்." அவர் மடியில் கிடந்த கையுறையைப் புரட்டினார். "அவன் நான் தூக்கி வளர்த்த பையன்மா."

"நட்டை என்ன பண்ணினீங்க?"

"முறுக்கினேன். முறுக்கிட்டு மாடிக்கு ஏறி அவன் இடுப்புப் பட்டையைக் கட்டினேன்."

"உங்களுக்கு முன்னாடி சண்டை மாஸ்டர் வந்து முறுக்கினாரா?"

"எனக்கு முன்னாடியா? யாரும் வரலை. நான் போறப்போ நட்டு கை வெச்சாலே சுத்தற மாதிரி இருந்துச்சு. நான்தான் முதல்ல முறுக்கினது."

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். மனுஷன் சரியான புளுகன், படத்தில் காப்புக் கை முதலில் வருவதை அத்தனை பேரும் பார்த்தாயிற்று. வாசலில் நின்றவளும் அதையேதான் நினைத்தாள் போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணி மட்டும் அசையவில்லை. "அந்தப் பாய்ச்சலை எப்படி எடுக்கறீங்க?"

கயிறு மாஸ்டரின் முகம் கதவு சாத்தினாற்போல மூடிக்கொண்டது. "அதைக் கேக்காதீங்க. அதைச் சொல்ல மாட்டோம்னு இங்க எல்லாரும் வாக்குக் குடுத்திருக்கோம். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லன்னு நினைச்சுட்டுத்தான் நீங்க இங்க உக்காந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி விறுவிறுவென்று வெளியே நடந்தாள். "ரேடியோ, உன் தலையை அவுத்து விடு."

"என்னது?"

"ரப்பர் பேண்டை எடுடா."

முற்றத்தில் இப்போது பாய்ச்சல் நாயகனே வந்து நின்றிருந்தார். ரேடியோ அவசரமாக முடியைக் கோதிக்கொண்டான். அவர் அவன் பக்கம்கூடத் திரும்பவில்லை. "இந்தப் பொம்பளை இன்னும் போகலையா?" என்று இயக்குநரிடம் கேட்டார்.

"ஒரே ஒரு உதவி. செஞ்சீங்கன்னா போயிடறேன்" என்றாள் அண்ணி. "அந்தச் சுவர் மேல ஒரு தடவை பாய்ஞ்சு காட்டுங்க."

புகை இயந்திரத்தை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

"என்னை என்ன வித்தை காட்டறவன்னு நினைச்சியா?"

"நீங்களே செய்யறதுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களே. இன்ஸ்பெக்டரும் பார்க்கட்டும்."

"இவங்களை வெளியே தள்ளுங்க!" என்று இயக்குநர் கத்தினார். தடியான நாலைந்து சண்டைக்காரர்கள் எழுந்தார்கள். சண்டை மாஸ்டர் எல்லாருக்கும் முன்னால் வந்தார். ஆனால் முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம். ரேடியோ அதைக் கவனித்தான். நாயகனை அவமானப்படுத்தினால் இந்த மனுஷனுக்கு ஏன் வேர்க்கிறது?

"சரி, அவர் வேண்டாம்" என்றாள் அண்ணி. "முடி அதே முடிதான். இவனே பாயட்டும். ரேடியோ, அந்தப் பெட்டி மேல எகிறு."

"அண்ணி, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கத்தான் சொல்றேன்."

ரேடியோ மனத்துக்குள் அண்ணனைச் சபித்துக்கொண்டே, இடுப்பு உயரப் பெட்டி மேல் எகிறினான். முடி கன்னத்தோடும் கழுத்தோடும் அப்பிக்கொண்டது.

"இப்ப கீழ குதி."

குதித்தான். அவிழ்த்துவிட்ட முடி அத்தனையும் ஜிவ்வென்று மேலே எழும்பி, கால் தரையில் பட்ட பிறகு வந்து முகத்தில் விழுந்தது. சண்டைக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சுவரைவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"மேல போறவன் முடி கீழ படியும். கீழ விழறவன் முடிதான் மேல பறக்கும்" என்றாள் அண்ணி. "உங்க படத்துல நாயகன் மேல போறார், முடியும் மேல பறக்குது. ஏன்னா அவர் பாயவே இல்ல. சுவர்ல இருந்து கீழ குதிச்சார். அதை எடுத்து நீங்க பின்னாலேர்ந்து முன்னால ஓட்டறீங்க. மாடியில அவ்வளவு நேரம் நின்னது கம்பீரம் இல்ல. குதிக்கப் பயந்துக்கிட்டு நின்னது."

ரேடியோ தன் முடியைப் பிடித்துப் பார்த்தான். தான் அடித்த ஜோக்கு தன் தலையிலேயே வந்து விழுந்தால் எப்படி இருக்கும்? இத்தனை வருஷமாகத் தெருவில், டீக்கடையில், கல்யாண வீட்டில், கயிறே கிடையாதுடா என்று எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருப்பான்! நாயகனைப் பார்த்தான். அவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் இயக்குநரிடம் போனார். "இந்தம்மா சொல்றது நிஜமா?"

இயக்குநர் நாயகனைப் பார்த்தார். நாயகன் வேறெங்கோ பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்!"

"இந்த ஒரு ஷாட்டை மட்டும் எப்பவும் திருப்பித்தான் வெச்சிருப்போம்" என்று மானிட்டர் மனிதர் முந்திக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்தது போதும் என்று ஆகிவிட்டது அவருக்கு. "பலகை தட்டறது வாலுல போயிடும், அதை வெட்டிடுவோம். சாருக்கு எகிற முடியாமப் போய் ரொம்ப நாளாச்சு. வெளியே தெரிஞ்சா படம் ஓடாதுன்னாங்க."

"அப்படியே நேரா ஓட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

மானிட்டர் மனிதர் பட்டனைத் தட்டினார். இந்தத் தடவை நாயகனை யாரும் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் ஓரத்தில் இருந்தது. உடைந்த ஜன்னல், தூண், நட்டு. முதலில் வந்தது மஞ்சள் கையுறை. நட்டை முறுக்கியது. இன்னொரு முறை அழுத்தி முறுக்கியது. போனது. கொஞ்சம் பொறுத்து இரும்புக் காப்பு வந்தது. எதிர்ப்பக்கம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. போனது. பிறகுதான் நாயகன் சுவரிலிருந்து தொப்பென்று கீழே குதித்தார், முடி மேலே பறக்க.

"காப்பு என்னோடதுன்னு நீங்களே நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னீங்க" என்றாள் அண்ணி சண்டை மாஸ்டரிடம். "அந்த ஓரம் கேமராவுல விழும்னு உங்களுக்குத் தெரியாது. மானிட்டர்ல பார்த்ததும் முதல்ல குலை நடுங்கியிருக்கும். திருப்பி ஓட்டினதும் ஆகா, பழி பூரா அவன் தலையில விழுதேன்னு சிரிச்சிருப்பீங்க. நாயகன் மானம் போயிடும்னு இங்க ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான், அதுவும் தெரியும். கயிறு மாஸ்டர் கண்ணுல மட்டும் படம் படாம பார்த்துக்கிட்டீங்க."

"இருபது படம்யா!" சண்டை மாஸ்டர் நாயகனைப் பார்த்து உறுமினார். "உனக்காக இருபது படம் உடம்பை உடைச்சுக்கிட்டேன். நேத்து வந்த பயலுக்குத் தூக்கிக் குடுப்பியா?" நாயகன் மேல் பாய்ந்தவரைச் சண்டைக்காரர்கள் பிடித்தார்கள். அவர் பழக்கிவிட்ட பிடியாலேயே பிடித்தார்கள். இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டப் போனார். அது காப்புக்கு மேலே ஏறவில்லை, காப்பைக் கழற்ற வேண்டியிருந்தது.

"உங்களுக்குத் திருப்பி ஓட்டறது தெரியும்" என்று அண்ணி இயக்குநர் பக்கம் திரும்பினாள். "ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போறான். சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா படம் போச்சு" என்றார் அவர், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "எனக்கு வெளிச்சம் போயிட்டிருக்கு. எல்லாரும் அவங்கவங்க இடத்துக்குப் போங்க!"

அண்ணி அவரை ஒரு புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நகர்ந்தாள்.

கயிறு மாஸ்டரை வெளியே விட்டார்கள். அவருக்கும் ஒரு தடவை நேராக ஓட்டிக் காட்டினார்கள். தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவர் மனைவி. ரேடியோ அங்கிருந்து போயிருக்கலாம், போகவில்லை.

"வீடியோ பார்த்தியாமே?" என்றார் அவர்.

"பார்த்தேன்."

"கை என்னோடதுன்னு சொன்னியாமே?"

"சொன்னேன்." அவள் பொய் சொல்லவில்லை. "நீங்கதான் பண்ணினீங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாளா அப்படித்தான் நினைச்சேன்."

அவர் மஞ்சள் கையுறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "கை என்னோடதுன்னு பார்த்ததும் தெரிஞ்சுது உனக்கு. அந்தக் கை என்ன பண்ணும், என்ன பண்ணாதுன்னு தெரியலையே."

அவள் வாயைத் திறந்தாள். அடக்கி வைத்திருந்த அழுகைதான் வந்தது, ஆஸ்பத்திரியில்கூட வராத அழுகை. அவர் அவளைத் தொடவில்லை. பிறகு வாசலை நோக்கி நடந்து, பாதியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"வா. பையன் கண்ணு தொறக்கறப்போ ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கணும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலடி பின்னால், அவரோடு போனாள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. உள்ளே இயக்குநர் மறுபடி ஆட்டச் சொல்லிக் கத்துவது கேட்டது. ரேடியோ வெகுநேரம் பேசாமல் நடந்தான். அண்ணிக்கே அது பொறுக்கவில்லை.

"என்னடா, பேட்டரி தீர்ந்து போச்சா?"

"அண்ணி, போற வழியில சலூன் வந்தா வண்டியை நிறுத்துங்க" என்றான் ரேடியோ.